கைதட்டல் நின்ற பிறகு எழுதியது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியின் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் கிறுக்கியிருந்த கட்டுரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செல்பேசி அடித்தது. பூங்கொடியின் தம்பி செந்தில்.

"அக்கா, எங்கக்காளை லாரி அடிச்சுப்போட்டுதுங்க."

"எந்த ஆஸ்பத்திரிங் செந்தில்? இப்பவே வாரேன்."

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர வேண்டாமுங்க. ஊட்டுக்கே வந்துருங்க."

அவ்வளவுதான் சொன்னான். நான் சிவப்புப் பேனாவை மூடாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சூலூரில் பஸ் ஏறினேன். பெரியநாயக்கன்பாளையம் போய்ச் சேர்வதற்குள் மை ஊறிப் பை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பூங்கொடி முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி விட்டு வண்டியை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏற்றியிருக்கிறாள். ஜல்லி ஏற்றிய டிப்பர் பின்னாலிருந்து இடித்து, பத்தடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முகத்தை மூடிவிட்டார்கள். கை மட்டும் வெளியே தெரிந்தது. நகத்துக்குள் பென்சில் கரி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நான் வாய்விட்டுக் கத்தினேன்.

அவளை அறிந்தவர்கள் நீங்கள். நம் இரண்டாம் ஞாயிற்றுக் கூட்டத்தில் அவள் படங்களுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டியிருக்கிறீர்கள். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், நீங்கள்தானே அவருக்கு நெருக்கம் என்று கேட்டீர்கள். ஒரு பக்கத்தில் முடிகிற காரியம் இல்லை இது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். கடைசியில் நீங்கள் என்னைத் திட்டினாலும் அதற்கும் தயாராகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் சந்தித்ததே சண்டையில்தான். பதினைந்து வருடம் இருக்கும். கோயமுத்தூரில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பேயடித்த மாதிரி எதையோ கீறிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை என் விலாவில் மூன்று முறை இடித்தது. நான்காவது முறை என் கையிலிருந்த தேநீர் புடவையில் கொட்டியது.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்றேன்.

"கண்ணு மேல இருக்குதுங்க. உங்களைப் பாக்கறதுக்கா டிக்கெட் எடுத்தேன்?" என்று தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. எட்டி அட்டையைப் பிடுங்கினேன். பிடுங்கியவள் அப்படியே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கயிற்றில் தொங்கிய ஒரு பெண்ணின் முதுகு அதில் இருந்தது. அழகாக இல்லை. எலும்பு, தசை, கயிறு அறுத்த தழும்பு, இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டின் தையல் வரை இருந்தது. பென்சிலை எவ்வளவு அழுத்தியிருந்தாள் என்றால் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நானும் கவிதை எழுதுகிறவள்தான் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் புடவைக் கறைதான் முதலில் வாயில் வந்தது. வெளியே வந்து அவளே ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பம்ப்செட் கம்பெனியில் இயந்திர வரைபடம் போடுகிற வேலை, ஞாயிறு ஆனால் சர்க்கஸ், சர்க்கஸ் இல்லாத ஞாயிறு தூக்கம் என்றாள்.

அதற்குப் பிறகு கூடாரம் எங்கே போட்டாலும் சேர்ந்தே போனோம். கோவை, திருப்பூர், பல்லடம், ஈரோடு வரைக்கும். அவள் வரைவாள், நான் எழுதுவேன். அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் நடக்கிறபோதே வரைய வேண்டும், எழுத வேண்டும். கைதட்டல் ஓய்ந்ததும் பேனாவையும் பென்சிலையும் கீழே வைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு கோடு சேர்க்கக் கூடாது, ஒரு சொல்லைத் திருத்தக் கூடாது.

"கைதட்டு நின்னா நம்ம கையும் நிக்கோணுமுங்க. அப்புறம் போடறது கண்ணு போடறதில்லீங்க, வாய் போடறது," என்பாள். இயந்திரத்துக்கு வரைகிறவள் புத்தி அது. இல்லாத துளையை வரைந்தால் பட்டறைக்காரன் துளைத்துவிடுவானாம், தண்ணீர் அதன் வழியே போய்விடுமாம். நான் கவிதைக்கு அதெல்லாம் ஆகாது என்று வாதாடுவேன். வாதாடிவிட்டு அவள் சொன்னபடியே செய்வேன். ஏனென்றால் அப்படி எழுதியவைதான் நன்றாக இருந்தன.

இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆட்டம் உங்களுக்குத் தெரியும். மூன்று வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும். பல்லடத்தில் ஒருநாள் கூண்டுக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தோம். பெட்ரோல் புகை தொண்டையைக் கிழித்தது. ஓர் ஓட்டுநரின் பூட்ஸ் வழுக்கி, அவன் முழங்கால் கம்பியில் தேய்ந்துகொண்டே ஒரு முழுச் சுற்றுப் போனது. ரத்தம் எங்கள் மேல் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடினேன். பூங்கொடியின் கரிக்கட்டி நொறுங்கிவிட்டது. விரலால் தாளைத் தேய்த்து வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் படத்தில் கூண்டே இல்லை. கறுப்புச் சுழல் ஒன்று, அதன் நடுவில் ஒரு வெள்ளை முழங்கால் மட்டும். அதை நம் கண்காட்சியில் பார்த்த ஒரு புண்ணியவான், இது ரொம்ப வன்முறையா இருக்குதுங்களே, பூவெல்லாம் போட மாட்டீங்களா என்று கேட்டார். "பூ போட்டா யாருங்க டிக்கெட் வாங்குவாங்க?" என்றாள் அவள்.

இரக்கம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். இரக்கம் இருந்தது, ஆனால் கண்ணை மூடிக்கொள்கிற இரக்கம் இல்லை. அதை நான் என் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறேன். ஈரோட்டில் கத்தி வீசுகிற கலைஞர் ஒருவர் பலகையைக் காட்டி, தைரியசாலி யாராவது வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டார். என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? பாவி! கூட்டம் ஆரவாரம் செய்து என்னைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டது. முதல் கத்தி என் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து குத்தியபோது பலகை அதிர்ந்தது என் பல்லில் தெரிந்தது. இரண்டாவது விலாவோரம். மூன்றாவதுக்கு முன்னால் எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. அவள் வரைந்துகொண்டே இருந்தாள்.

இறங்கி வந்து, "நீங்க நல்லா இருப்பீங்களாங்க?" என்று அவள் தோளில் நாலு அடி போட்டேன். நாங்கள் கடைசி வரை ஒருவரையொருவர் நீங்க என்றுதான் பேசிக்கொண்டோம். அடிக்கிறபோதும் அதே மரியாதைதான். அவள் சிரித்துக்கொண்டே, "அம்மணி, கை நடுங்கறது நிக்கறதுக்குள்ள எழுதுங்கொ, இன்னும் கைதட்டறாங்க பாருங்க," என்று என் நோட்டை நீட்டினாள். எழுதினேன்.

காதோரம் ஒரு கத்தி நின்று
மூச்சு வாங்குகிறது.
நான் அதற்கு முன்பே
மூச்சை நிறுத்திவிட்டேன்.

என் கவிதைகளில் இதைத்தான் நீங்கள் அதிகம் பாராட்டியிருக்கிறீர்கள், இன்னொன்றைத் தவிர. அந்த இன்னொன்றைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன், கோவையில், ஒரு சனிக்கிழமை மாலை ஆட்டம். ஊஞ்சல் ஆட்டத்தில் பாபு, ரீனா என்று ஒரு கணவன் மனைவி. தலச்சேரிப் பக்கத்துக்காரர்கள். பாபு ஒரு ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குவார். ரீனா எதிர் ஊஞ்சலிலிருந்து பறந்து வருவாள், அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடிப்பார். கீழே வலை கட்டியிருந்தார்கள். மூன்று முறை பிடித்தார். நான்காவது முறை ரீனா கிளம்பினாள்.

அந்த நேரம் பெரும் சத்தம், லாரியின் பின்கதவு திறந்து விழுந்த மாதிரி. ரீனா வலைக்கு வெளியே, வட்டத்தின் ஓரத்து இரும்புத் தூணில் மோதித் தரையில் கிடந்தாள். கழுத்து இருக்க வேண்டிய பக்கம் இல்லை. மேலே பாபு தனியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்த ஊஞ்சலில் தலைகீழாக ஆடிக்கொண்டு, ரீனா ரீனா என்று அலறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வீரிட்டன. நாற்காலிகள் சரிந்தன. எனக்கு முன்னால் ஒருவர் வாந்தி எடுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தால் பூங்கொடி வரைந்துகொண்டிருக்கிறாள். நிமிர்வதும் குனிவதுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட வரைகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கெல்லாம் மனுசிதானுங்களா? ஒருத்தி செத்துக் கெடக்கறா!" என்று அவள் கையில் ஓங்கி அடித்தேன். பென்சில் தெறித்து விழுந்தது. அவள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"யாருமே கைதட்டலீங்களே, அம்மணி," என்றாள். "ஆட்டம் எங்கீங்க முடிஞ்சுது?"

நான் அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, ஒரு கவிதை எழுதினேன். நீங்கள் எல்லோரும் அறிந்த கவிதைதான்.

பிடித்த கைதான்
விட்டது.
வலைக்கு வெளியே
மண்ணைத் தொட்டது
ஒரு தாலி.

எழுதி முடித்த சூட்டில் செல்பேசியில் நாலைந்து குழுக்களுக்கு அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஊரெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ என் பெயரை எடுத்துவிட்டு, கயிற்றில் தொங்கும் ஒரு கையின் படத்தைப் பின்னால் வைத்திருந்தார்கள். கூடவே கதைகளும் வந்தன. காலையிலேயே புருசன் பெண்டாட்டிக்குள் சண்டையாம், அவளுக்கு வேறு யாருடனோ பழக்கமாம், வேண்டுமென்றேதான் கையை விட்டானாம். சர்க்கஸ்காரர்களும் ஆமாம் ஆமாம் என்று ஒத்து ஊதினார்கள். அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. ரீனா இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

உடம்பை வாங்குவதற்குக் கையெழுத்துப் போடப் பாபு புறப்பட்டபோது கூடார வாசலில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். சாதாரண ஆட்கள்தான், லேத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள், காய்கறி வண்டி வைத்திருக்கிறவர்கள், நம் தெருவில் நாம் தினம் பார்க்கிறவர்கள். சட்டையைக் கிழித்துத் தரையில் தள்ளி மிதித்திருக்கிறார்கள். ஒருவன் அவர் வலது கையை இழுத்துச் சிமெண்டுப் படியில் வைத்து, "இந்தக் கைதானே விட்டுச்சு," என்று குதிகாலால் ஏறி நின்றிருக்கிறான். அடுத்தவன் என் கவிதையின் முதல் வரியைச் சொல்லிச் சொல்லி மிதித்திருக்கிறான். அதையும் எவனோ படமெடுத்து அனுப்பியிருந்தான். எலும்பு நொறுங்கிய சத்தம்கூட அதில் கேட்டது. நான் அதை முழுவதும் பார்த்தேன். ஐயோ என்று வாயில் வந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில், என் வரி இவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று ஒரு நாய் வாலாட்டியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் பூங்கொடி சூலூருக்கு வந்தாள். வண்டியை நிறுத்தவில்லை, கீழே போட்டாள். உள்ளே வந்து என் சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டைக் கையாலேயே ஒதுக்கித் தள்ளினாள்; இட்லி சட்னியோடு தரையில் போய் விழுந்தது. படத்தை விரித்தாள்.

அதில் அந்த நொடி இருந்தது. பாபுவின் பத்து விரல்களும் ரீனாவின் மணிக்கட்டுகளைச் சுற்றி இறுகியிருந்தன. சதை பிதுங்குகிற அளவுக்குப் பிடி. மேலே ஊஞ்சலின் இடது கயிறு, தாங்கிய கொக்கியிலிருந்து கழன்று காற்றில் நின்றது. கொக்கியின் வாயை மூட ஒரு பின், இரும்பு ஆணி, இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெறும் துளை. இயந்திரம் வரைகிற கை அதை வேறு எப்படியும் வரையாது. கயிறு கழன்று ஊஞ்சல் சாய்ந்ததில் அவள் பக்கவாட்டில் பிய்த்து எறியப்பட்டிருக்கிறாள். அவர் விடவே இல்லை.

"எனக்கு அப்படித்தானுங்க தெரிஞ்சுது," என்றேன்.

"எப்படீங் தெரிஞ்சுது? தாலியை எங்கீங்க பாத்தீங்க? மேல ஏறுறவங்க கழுத்துல ஒரு நூல்கூட இருக்காது. ஏழு வருசமா பாக்கறோமே! அது கெடக்கட்டும், இது யாருன்னு பாருங்க."

படத்தின் வலது கீழ்மூலையில், வழக்கம்போலப் பார்வையாளர் வரிசையையும் போட்டிருந்தாள். எல்லாத் தலைகளும் அண்ணாந்திருந்தன. ஒரே ஒரு தலை மட்டும் குனிந்து, மடியிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டையும் கண்ணாடியும் என்னுடையவை.

ஆமாம். ரீனா கிளம்பிய அந்த நேரம் நான் மேலே பார்க்கவில்லை. மூன்றாவது தடவை அவள் பறந்ததற்கு ஒரு நல்ல சொல் அகப்படாமல் நோட்டில் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கீழே ஒருத்தி, மேலே ஒருத்தர். மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். கவிதை என்றால் சாட்சி சொல்கிற காகிதமா, உங்களுக்குப் பொறாமை, படம் போடுகிறவளுக்குக் கவிதை பற்றி என்ன தெரியும் என்றெல்லாம் பேசினேன். "அடி வாங்கின பாபுவையே போலீசு புடிச்சு வெச்சிருக்குது, நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேனுங்க. நீங்களும் வாங்க. பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்," என்றாள். அடி வாங்கியவர் பக்கத்தில் நின்று, அடிக்கச் சொன்னது என் வரிதான் என்று சொல்வதா? பள்ளி, வேலை, பேர் எல்லாம் கண்முன் ஓடியது. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "வேண்டாமுங்க பூங்கொடி. என்னை இதுல இழுக்காதீங்க. உங்க காலைப் பிடிக்கறேன்," என்று அழுதேன். பிடிக்கவும் செய்தேன்.

அவள் குனிந்து என் தலையைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பென்சில் சீவுகிற பிளேடை எடுத்தாள். வலது கீழ்மூலையில் என் தலை இருந்த இடத்தை உள்ளங்கை அளவுக்கு அறுத்தெடுத்து மேசைமேல் வைத்தாள். படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்டேஷனில் நடந்ததை அவளே கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். எஸ்.ஐ. முதலில் சிரித்திருக்கிறார், படத்தை வைத்து என்னம்மா செய்ய என்று. இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொக்கியைத் தனியாகப் பெரிதாக, அளவோடு வரைந்து காட்டியிருக்கிறாள். இந்தத் துளையில் பின் இல்லாத கொக்கி ஒன்று கூடாரத்தில் எங்கேயோ கிடக்கிறது, தேடுங்கள், கிடைக்காவிட்டால் என்னை உள்ளே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஜெனரேட்டர் வண்டியின் அடியில், பழைய இரும்புகளுக்குள் அது அகப்பட்டது. அவள் போட்ட அளவுக்கு அச்சாக இருந்ததாம். அதற்குப் பிறகுதான் பாபுவை விட்டார்கள். ஆட்டத்தை நடத்தியவர்கள் மேல் வழக்கு வந்தது. படத்தின் மூலை ஏன் வெட்டியிருக்கிறது என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, மை கொட்டிவிட்டது என்றாளாம். வரைகிற ஒரு கோட்டில்கூடப் பொய் சொல்லாதவள் எனக்காகச் சொன்ன முதல் பொய்.

அத்தோடு நாங்கள் சேர்ந்து சர்க்கஸ் பார்ப்பது நின்றது. அவள் தனியாகப் போனாள். பார்த்தால் பேசுவாள், சௌக்கியமுங்களா என்பாள், அவ்வளவுதான். எனக்கோ வெட்கம் கெட்டுவிட்டது. இரண்டு வருடம் கழித்து அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்த்தேன். பாபு குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகும் சேர்த்தேன். 'அந்த நொடியில் என் கண் கண்டது இது. உண்மை பிறகு வேறாக இருக்கலாம், கவிஞரின் கண் பொய் சொல்லாது' என்று முன்னுரையில் எழுதினேன். என்ன திமிர் எனக்கு! வெளியீட்டு விழாவில் அதைப் படித்தபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். பூங்கொடி கடைசி வரிசையில் இருந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே ஒழிந்திருப்பேன். அவள் எழுந்து போய் வண்டியை எடுத்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கவில்லை. அந்தக் கவிதையில் என் கண் இல்லை. தொகுப்பை வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

இதை எழுத வைத்தது அவள் சாவு மட்டுமல்ல. அன்று அவள் வீட்டு வாசலில் பாபு நின்றிருந்தார். சர்க்கஸை விட்டுப் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. பூங்கொடி மாதம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போய், கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிட்டு வருவாளாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பூங்கொடியைச் சேச்சி என்பாராம்; என்னைப் பார்த்து, சேச்சியின் கூட்டுக்காரிதானே, சிநேகிதிதானே என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சேச்சிக்கு எல்லாக் கவிஞரையும் தெரியும். அந்தப் பாட்டு எழுதின ஆள் யாருன்னு பலவாட்டி கேட்டிருக்கேன். தெரியாது பாபுன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; என் தொகுப்பை அவர் அறிய வழியில்லை.

"தெரியாதுங்க," என்றேன். உள்ளே அவள் கிடக்கிறாள், வாசலில் நின்று நான் அப்படிச் சொன்னேன்.

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போனேன். தறிக் கொட்டகையில் காது அடைக்கிற சத்தம். என்னைப் பார்த்ததும் அவர் தறியை நிறுத்தினார். அந்தத் துண்டுத் தாளை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான்தான், பார்க்காமல் எழுதினேன், உங்கள் கையை உடைத்தது என் வரிதான் என்று. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அவர் தாளைக் கையில் வாங்காமல், அப்படியே குனிந்து பார்த்தார்.

"இது சேச்சி வரைஞ்சது," என்றார்.

"ஆமாங்க."

"அப்போ சேச்சிக்குத் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

"எட்டு வருசம் எங்க வீட்டுல உக்காந்து சோறு தின்னாங்க. என் கையைப் பார்த்துட்டே தின்னாங்க. அப்பவும் தெரியும்."

"எனக்காகத்தானுங்க... நான் காலைப் பிடிச்சேன்..."

"எனக்கு இந்த ஊருல ஒரே ஆளுதான் இருந்தாங்க," என்றார் பாபு. பிறகு தறியை மறுபடியும் ஓடவிட்டார். அதற்கு மேல் நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

அவர் மனைவியைப் பற்றி ஊரை ஏசவிட்டேன், கையை உடைக்கவிட்டேன், இப்போது பூங்கொடியையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். அவரிடம் போகிற நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அவள் வரைந்ததில் பொய் இல்லை, மறைத்ததற்குக் காரணம் நான். என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள்.

பூங்கொடியின் படங்களைச் செந்தில் பத்திரமாக வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு துண்டுதான். அதில் என்னைத் தவிர யாரும் இல்லை.